'பிங்': ஒரு தொழில்நிலச் சொல்லின் பொருளும் வழக்கும்

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் நிகழ்ந்த சிறு பிழையொன்றிலிருந்து இக்கட்டுரை தோன்றியது. அப்பிழை மாணவியொருவருடையது என்று அன்று கருதினேன். இன்று அவ்வாறு கருதவில்லை. ஸ்கொத்லாந்தின் சுரங்கக் கிராமமொன்றைப் பற்றிய ஆங்கில உரைநடைப் பகுதியைத் தமிழாக்குமாறு மாணவர்க்குக் கொடுத்திருந்தேன். அதில் 'பிங்' என்றொரு சொல் வந்தது. கையடக்க அகராதிகளில் இச்சொல்லைக் காண்பது அரிது. பேரகராதிகளைப் புரட்டினால் 'குவியல்' என்னும் பொருளும், வட்டார வழக்கு என்னும் குறிப்பும் கிடைக்கும். மாணவருட் பெரும்பாலோர் 'குவியல்' என்றும், சிலர் 'கழிவுக் குவியல்' என்றும் எழுதியிருந்தனர். மலையகத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் மட்டும் 'மலை' என்று எழுதியிருந்தார். சிவப்பு மையால் அதனை வெட்டிவிட்டேன். தாளைப் பெற்றுக்கொண்ட அவர், "சேர், எங்க பக்கம் மலைக்குப் போறதுன்னா வேலைக்குப் போறதுதான். இதுவும் ஆளுங்க வேலைசெஞ்சு உண்டானதுதானே?" என்று கேட்டார். ஒரு சொல்லுக்கு நேரான சொல்லையே தேடவேண்டும் என்று ஏதோ விடையளித்து அடுத்த தாளுக்குச் சென்றுவிட்டேன்.

அவ்விடை போதாது என்பது பின்னர் அச்சொல்லின் வரலாற்றைத் தேடியபோதே புலனாயிற்று. நிலத்தோற்றத்தைக் குறிக்கும் ஒரு சொல், அந்நிலத்தை யார் எவ்வகையில் ஆக்கினர் என்பதைத் தன்னுள்ளே எவ்வளவுக்குப் பொதிந்துவைத்திருக்கின்றது, எவ்வளவுக்கு மறைக்கின்றது என்பதை 'பிங்' என்னும் இச்சிறு சொல்லைக்கொண்டு ஆராய்வதே ஈண்டு நோக்கமாகும்.

முதலிற் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் நடுப்பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்களையும் எண்ணெய் வடிக்கும் ஆலைகளையும் அடுத்துப் பல தலைமுறைகளாகக் கொட்டப்பட்டு உயர்ந்த கழிபொருள் மேடே 'பிங்' எனப்படுகின்றது. எடின்பரோ நகருக்கு மேற்கேயுள்ள மேற்கு லோதியன் பிரதேசத்தில் இவை மிகுதி. பயிர்நிலங்களுக்கிடையே செந்நிறமான, உச்சி தட்டையான குன்றுகள் திடீரென எழுந்து நிற்கும். அவற்றுள் மிகப் பெரியதான கிறீன்டைக்ஸ் ஏறத்தாழ 300 அடி உயரமானது. புவியியல் அறியாத ஒருவர் அவற்றை இயற்கைக் குன்றுகளென்றே கொள்வர்.

சுரங்கத்தொழிலின் கழிபொருள்களெல்லாம் ஒருதன்மையன அல்ல என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். நிலக்கரியை அடையும்பொருட்டு வெட்டியெடுத்து வேண்டாமென ஒதுக்கப்பட்ட கல்லும் களியும் ஒருவகை. சூளையில் இட்டுப் பயனை வடித்தபின் எஞ்சிய வெந்த கல் இன்னொருவகை. தாதுக்கல்லை மாவாக அரைத்து, உலோகத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நுண்தூள் மூன்றாவது வகை. இரும்புலையிலிருந்து உருகி வடியும் கசடு இவை மூன்றிலும் வேறானது. எனினும் ஆங்கிலப் பத்திரிகையாளரும் அவர்வழி நம்மவரும் இவையனைத்தையும் 'கசடுக் குவியல்' என்றே எழுதிவிடுகின்றனர். மேற்கு லோதியனின் செந்நிறப் பிங்குகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இருப்பது வெந்த மாக்கல். மூன்றாம் வகையைக் கோலாரிற் காண்போம்.

சொல்லின் பிறப்பு சுரங்கத்தில் நிகழவில்லை. வட ஐரோப்பியக் கடலோடிகளின் பழைய நோர்ஸ் மொழியில் 'பிங்கர்' என்பது குவியலைக் குறித்தது. ஸ்கொத்திய மொழியில் இது பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இலக்கிய வழக்குப் பெற்றுவிட்டது. கவின் டக்ளஸ் என்னும் புலவர் வேர்ஜிலின் காவியத்தை 1513இல் ஸ்கொத்திய மொழியில் ஆக்கியபோது, எறும்புகள் சூறையாடும் கோதுமைக் குவியலை 'பிங்' என்றே குறித்தார். அதாவது, இச்சொல் முதலிற் சுட்டியது விளைந்த பண்டத்தின் திரட்சியை. நமது வயல் வழக்கில் 'சூடு', 'பொலி' என்பன எவ்வுணர்வோடு வழங்குகின்றனவோ அவ்வுணர்வே அதற்கும் இருந்திருத்தல் வேண்டும். சூடு என்பது வெறும் குவியலன்று. ஓராண்டு உழைப்பின் கண்காணக்கூடிய வடிவம். பொலி என்னும் சொல்லிலோ மங்கலமும் ஒட்டிக்கொண்டுள்ளது.

வயலிலிருந்து சுரங்கத்துக்குப் போனபோதும் சொல் உடனடியாக இழிவடையவில்லை. வட இங்கிலாந்தின் ஈயச் சுரங்கங்களில் 'பிங்' என்பது துப்புரவாக்கப்பட்ட நல்ல தாதுவைக் குறித்ததோடு, ஓர் அளவைப் பெயராகவும் வழங்கியது. எட்டு அந்தர் கொண்டது ஒரு பிங். சுரங்கத்தொழிலாளர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, ஒரு பிங் தாதுவுக்கு இத்தனை ஷில்லிங் என்று முதலாளியின் முகவரோடு பேரம் பேசிக் கூலியை நிர்ணயித்துக்கொண்டனர். வேண்டாத கல்லுக்கு அங்கு வேறு பெயர் இருந்தது. அதனை 'செத்தவை' என்னும் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். எனவே ஈயச் சுரங்கத்தில் பிங் என்பது கூலி எழுதப்பட்ட கணக்குச் சொல். தொழிலாளியின் வீட்டு அடுப்பு எரிவதும் எரியாததும் அதன் எண்ணிக்கையில் தங்கியிருந்தது.

தானியத்தையும் நல்ல தாதுவையும் குறித்த சொல், ஸ்கொத்லாந்தின் நிலக்கரி, எண்ணெய்த் தொழில்களில் கழிவைக் குறிக்கத் தலைப்பட்டது எங்ஙனம்? மொழியியலாளர் இதனைப் பொருளிழிபு என்று வகைப்படுத்தி அமைவர். ஆனால் பெயரிடுவது காரணம் காட்டுவதாகாது. எனக்குப் படுவது இது: களத்துமேட்டில் விளைபொருள் குவிந்து கிடந்தது, அது அளக்கப்பட்டு, பங்கிடப்பட்டு, பல நாள் ஊரார் கண்முன் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திரத் தொழிலிலோ விளைபொருள் குவிந்து கிடப்பதில்லை. வெட்டப்பட்ட நிலக்கரி புகையிரத வண்டியிலேறி அன்றே வெளியேறிவிடும். வடிக்கப்பட்ட எண்ணெய் பீப்பாய்களில் அடைபட்டுத் துறைமுகம் செல்லும். ஊரில் தங்கிக் குவிவது எச்சம் ஒன்றே. குவியலுக்குரிய பெயர், குவியலாய் எஞ்சிய ஒன்றன்மீது போய்ப் படிந்தது. சொல்லின் பொருள் மாறியது என்பதைவிட, உற்பத்திமுறை மாறியதால் அச்சொல் சுட்டுவதற்கு ஊரில் வேறெதுவும் எஞ்சவில்லை என்பதே பொருத்தமாகும்.

மேற்கு லோதியனில் இது நிகழ்ந்த விதம் தனியே நோக்கத்தக்கது. கிளாஸ்கோவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் ஜேம்ஸ் யங் 1850இல் ஒருவகை நிலக்கரியை மெல்லச் சூடாக்கி எண்ணெயும் மெழுகும் வடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் பாத்கேற் என்னுமிடத்தில் ஆலை எழுந்தது. 1864இல் காப்புரிமை முடிவடைந்ததும் வேறு முதலாளிகளும் இத்தொழிலுட் புகுந்தனர். உகந்த நிலக்கரி அருகிவர, எண்ணெய் மாக்கல் அதனிடத்தைப் பிடித்தது. இது அழுத்தத்தாற் பாறையாகிப்போன பழங்காலச் சேற்றுப் படிவு. சுரங்கத்தில் வெட்டியெடுத்து, உடைத்து, காற்றுப் புகாத வாலைகளில் இட்டுச் சூடேற்றினால் எண்ணெய் ஆவியாகப் பிரியும். எண்ணெயாகக் கிடைப்பது சிறுபங்கே; கல்லின் பெரும்பங்கு சூடு தணியாமலே வெளியே தள்ளப்படும். அதனைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிச் சரிவுப்பாதை வழியே மேலிழுத்து உச்சியிற் கவிழ்த்தனர். காற்றுப்பட்டு அதிலுள்ள இரும்பு சிவந்தது. தொழில் உச்சநிலையிலிருந்த 1913ஆம் ஆண்டையொட்டி ஆண்டொன்றுக்கு முப்பது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட மாக்கல் வெட்டப்பட்டது. பாரசீகத்திலும் அமெரிக்காவிலும் நிலத்தைத் துளைத்தவுடன் பீறிட்ட எண்ணெயோடு இது போட்டியிட இயலவில்லை. 1919இல் ஸ்கொத்தியக் கம்பனிகள் ஆங்கில-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் ஆதிக்கத்துள் வந்தன. 1962இல் தொழில் முற்றாக நின்றது.

இதில் ஒரு சொல்வரலாறு அடங்கியுள்ளது. அவ்வாலைகளிலிருந்து வெளிவந்த பண்டத்தின் பெயர் 'பரபின்'. அப்பெயர் விளக்கோடும் மெழுகுதிரியோடும் உலகெங்கும் சென்றது. நம் ஊர் மருந்துக்கடைகளில் இன்றும் வழங்குகின்றது. அதே வாலையிலிருந்து அதே நாளில் அதே தொழிலாளியின் கையால் வெளிவந்த எச்சத்தின் பெயரோ இரண்டு மூன்று மாவட்டங்களைத் தாண்டவில்லை. பண்டம் பரிவர்த்தனைக்குரியது, அது செல்லுமிடமெல்லாம் பெயரையும் கொண்டுசெல்கின்றது. எச்சம் விற்பனைக்குரியதன்று, அது கிடந்தவிடத்திற் கிடக்க, பெயரும் அங்கேயே கிடக்கின்றது. 'பிங்' அருஞ்சொல்லாய் இருப்பது மொழியியல் விபத்தன்று. சந்தைக்கு வராத பொருளின் பெயர் அகராதிக்கும் தாமதமாகவே வருகின்றது.

ஆனால் பரிவர்த்தனைப் பெறுமதி இல்லாதது எவருக்கும் பயனற்றதென்று கொள்ளலாகாது. நிலக்கரி பிங்குகளில் கல்லோடு கலந்து கொட்டப்பட்ட கரித்துண்டுகள் இருந்தன. 1926ஆம் ஆண்டு பெரும் சுரங்கக் கதவடைப்பின்போது பிரித்தானியச் சுரங்கப் பகுதிகள் பலவற்றிலும் பெண்களும் சிறுவரும் இத்தகைய மேடுகளைக் கிளறிக் கரி பொறுக்கியே குளிரைக் கடந்தனர். வேலையற்றோர் கழிவு வண்டிகளின்மீது பாய்ந்தேறிக் கரி பொறுக்கிய காட்சியை ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார். அதற்காக வழக்குத் தொடரப்பட்டதையும் குறிப்பிடுகின்றார். வேண்டாமென்று எறியப்பட்ட பொருளைப் பொறுக்கினும் அது களவாயிற்று. கம்பனிக்கு அப்பொருள் தேவையில்லை. அதன்மீதான உடைமை தேவைப்பட்டது.

மேட்டின் அடிவாரத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் நீண்ட வரிசைகளாய் அமைந்திருந்தன. அவற்றை அங்கு 'வரிசைகள்' என்னும் பொருள்படும் சொல்லாலேயே அழைத்தனர். நம் தோட்டங்களின் 'லயம்' என்பதும் கோடு, வரிசை என்னும் பொருளுடைய 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபே. ஒரே நூற்றாண்டில், பெரிதும் ஸ்கொத்தியரான துரைமாரின் தோட்டங்களிலும் அவர்தம் தாயகச் சுரங்கங்களிலும் தொழிலாளியின் வீட்டுக்கு வீடென்ற பெயரின்றி வரிசையென்ற பெயரே வாய்த்தமை தனி ஆய்வுக்குரியது.

பிற நாட்டுச் சொற்களோடு ஒப்பிட்டால் 'பிங்' என்பதன் தன்மை மேலும் துலங்கும். வேல்ஸ் நாட்டிலும் இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் இதே மேட்டை 'டிப்' என்பர். கவிழ்த்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. யாரோ ஒருவர் வண்டியைக் கவிழ்த்தார் என்பதை அது மறக்கவிடுவதில்லை. பிரான்சின் வடபகுதியிலும் பெல்ஜியத்திலும் 'தெரி' என்பர். சோலாவின் 'ஜெர்மினல்' நாவலில் (1885) வேலை தேடி இருளில் நடந்துவரும் கதாநாயகன் சுரங்கத்தை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதற் பக்கங்களிலேயே இச்சொல் வந்துவிடுகின்றது. அந்நாவலை எழுதுவதற்காக 1884இல் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த ஆன்ஸின் சுரங்கப்பகுதிக்குச் சென்று குறிப்பெடுத்தவர் சோலா. வட்டார வழக்குச் சொல்லைப் பொதுப் பிரெஞ்சுச் சொல்லாக மாற்றாமல் வைத்தமை அவரது இயற்பண்புவாதத்தின் நற்பயன்களுள் ஒன்று. அதே பிரான்சில் சென்-எத்தியென் பகுதியில் வழங்கும் 'கிறாசியே' என்னும் சொல்லோ அழுக்கு என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது. ஒன்று செயலைச் சொல்கின்றது. ஒன்று பொருளின் இழிவைச் சொல்கின்றது. 'பிங்' இரண்டையும் சொல்லாது, பழைய களத்துமேட்டின் நினைவை மட்டும் அடியிற் புதைத்து வைத்திருக்கின்றது.

'டிப்' என்னும் சொல் வேல்ஸுக்கு வெளியே பரவலாக அறியப்பட்டமைக்குக் காரணம் கொடியது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி காலை, அபர்வான் கிராமத்துக்கு மேலே மலைச்சரிவில் நின்ற ஏழாம் இலக்க மேடு நீரூறிச் சரிந்து பான்ட்கிளாஸ் ஆரம்பப் பாடசாலையையும் அருகிருந்த வீடுகளையும் மூடிற்று. இறந்தோர் 144 பேர். அவருள் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேலேயே 1958 முதல் கழிவைக் கொட்டிவந்தனர். ஊரார் அச்சம் தெரிவித்திருந்தும் கவனிக்கப்படவில்லை. 1967இல் வெளியான விசாரணை அறிக்கை பொறுப்பு முழுவதையும் தேசிய நிலக்கரிச் சபையின்மீதே சுமத்தியது. மரண விசாரணையில் மூச்சடைப்பு, காயங்கள் என்று மருத்துவக் காரணம் வாசிக்கப்பட்டபோது, பிள்ளையை இழந்த தந்தை ஒருவர் எழுந்து, நிலக்கரிச் சபையால் உயிரோடு புதைக்கப்பட்டது என்றே பதிவுசெய்ய வேண்டுமென்று கோரினார். சொல்லாராய்ச்சி செய்வோர் மறக்கலாகாத கோரிக்கை அது. வினைமுதல் இல்லாத வாக்கியத்தில் தம் பிள்ளையின் மரணம் எழுதப்படுவதை அவர் ஏற்க மறுத்தார்.

நம் போன்றோர் இவ்விடத்தில் எளிதாகக் கடந்துசெல்ல விரும்பும் உண்மையொன்றுண்டு. அபர்வான் மேட்டுக்கு உரிமையாளர் தனிமுதலாளியல்லர். பிரித்தானிய நிலக்கரித் தொழில் 1947இலேயே நாட்டுடைமையாகிவிட்டது. சுரங்கவாயிலில் மக்கள் சார்பில் என்று அறிவித்தல் நாட்டப்பட்ட பின்னரே ஏழாம் மேடு எழுந்தது. பேரிடரின் பின் எஞ்சிய மேடுகளை அகற்றுவதற்கு, உலகெங்கிலுமிருந்து துயருற்றோருக்கென வந்த நிதியிலிருந்தே 150,000 பவுண் பெறப்பட்டது. அத்தொகை 1997இலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது, அதுவும் வட்டியின்றி. உடைமையின் பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் உற்பத்தி உறவு மாறிவிடாது என்பதற்கு நூல்களில் வேறு சான்று தேடவேண்டியதில்லை. மேட்டின் அடியில் வாழ்ந்தோர்க்கு மேட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை முன்னரும் இருக்கவில்லை, பின்னரும் இருக்கவில்லை.

ஸ்கொத்லாந்துக்கு மீள்வோம். 1962இன் பின் பிங்குகளுக்கு இரண்டாவது வாழ்க்கை தொடங்கிற்று. வெந்த மாக்கல் நெடுஞ்சாலை அடித்தளத்துக்கு உகந்ததெனக் கண்டு, பல மேடுகள் வெட்டப்பட்டு வீதிகளுக்கு அடியிற் சென்றன. விற்பனைக்கு வந்ததும் பொருளுக்கு 'நிரப்புமண்' என்று பெயர் மாறிற்று. எஞ்சியவற்றை அழிப்பதா, மரம் நட்டு மறைப்பதா என்று அரசு ஆலோசித்த வேளையில், 1975-76இல் ஜோன் லேதம் என்னும் ஓவியர் ஸ்கொத்திய அரச அலுவலகத்தில் ஆலோசகராய் அமர்த்தப்பட்டார். கலைஞரை நிறுவனங்களுள் இருத்தும் திட்டமொன்றின் கீழ் அந்நியமனம் நிகழ்ந்தது. அவர் வான்படங்களை நோக்கி, சில பிங்குகள் சேர்ந்து ஒரு பெண்ணுருவாய்த் தோன்றுவதாகக் கண்டு 'நித்ரி மாது' எனப் பெயரிட்டார். பல தலைமுறைத் தொழிலாளர் தம்மை அறியாமலே படைத்த மாபெரும் சிற்பங்கள் இவை, எனவே பாதுகாக்கப்படல் வேண்டும் என்பது அவரது வாதம். மேற்குக் கோல்டருக்கு அருகில் விசிறிபோல் விரியும் 'ஐந்து சகோதரிகள்' என்னும் பிங் 1990களில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தொன்மைச்சின்னமாயிற்று.

லேதத்தின் முயற்சியால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. அவர் பேசியிராவிடில் இன்னும் சில மேடுகள் வீதிக்கடியிற் போயிருக்கும். எனினும் 'அறியாமலே' என்னும் அச்சொல் எனக்கு உடன்பாடன்று. தள்ளுவண்டியை மேலிழுத்தவர் தாம் செய்வதை நன்கறிவர்: எத்தனை வண்டி, எவ்வளவு கூலி, எந்தச் சரிவில் கால் வழுக்கும் என்பனவெல்லாம் அவர்க்குத் தெரியும். சிற்பம் செய்கின்றோம் என்பதையே அவர் அறியார். ஏனெனில் அவர் சிற்பம் செய்யவில்லை. உழைப்பை வான்படத்திலிருந்து நோக்கும் கண்ணுக்கு உழைப்பாளி தெரியாமற்போக, உருவமே எஞ்சுகின்றது. உழைக்கும் நாட்டுப்புறத்தை 'இயற்கைக் காட்சி' ஆக்குவதற்கு நோக்குபவர் உழைப்பிலிருந்து விலகி நிற்கவேண்டியுள்ளது என்று றேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் ஆங்கிலக் கவிதையைக்கொண்டு நிறுவிய கருத்து இங்கும் பொருந்தும். அண்மைக்காலத் தாவரவியலாளர் இப்பிங்குகளில் 300க்கு மேற்பட்ட தாவர இனங்களைக் கணக்கிட்டுள்ளனர். பிரான்சின் 'தெரி'களோ 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலே பண்பாட்டு நிலத்தோற்றமாக இடம்பெற்றுவிட்டன. அவற்றுட் சில 140 மீற்றருக்கு மேல் உயர்ந்தவை. அழகும் அரும்பூண்டும் வேண்டாமென்று யாரும் கூறார். ஆனால் பட்டியலில் ஏறும் சொல் எவர் வாயிலிருந்து எடுக்கப்பட்டதோ அவருக்கு அதனாற் கிடைத்தது யாதென்று கேட்பது முறை.

இனித் தமிழுக்கு வருவோம். நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு திணைமரபு கண்ட மொழியில் இத்தகைய நிலத்துக்கு இடமுண்டா? முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தை நினைவுகூர்ந்து, தொழிற்கழிவு நிலத்தைப் 'புதுப்பாலை' எனலாமென்று சிலர் கருதக்கூடும். கவர்ச்சியான கருத்தே, ஆயினும் ஏற்றற்குரியதன்று. அங்கே திரிபுக்குக் காரணம் வேனில்; மழை பெய்தால் நிலம் மீளும். இங்கே காரணம் பருவமன்று, பங்குதாரர்.

திணைநூல்களில் இல்லாத சொல் தொழிலாளர் வாயில் இருந்தது. அன்றைய மைசூர்ச் சமஸ்தானத்தின் கோலார்த் தங்கவயலை 1880களிலிருந்து இலண்டனின் ஜோன் டெய்லர் கம்பனி நடத்தியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான தொழிலாளரே அங்குப் பூமிக்கடியில் இறங்கினர். மாவாக அரைத்த தாதுவிலிருந்து சயனைட்டுக் கரைசலால் தங்கத்தைப் பிரிக்கும் முறையும், விந்தையாக, கிளாஸ்கோவிற் பிறந்தது. 1887இல் மக்காதர், பொரெஸ்ட் சகோதரர் ஆகியோர் அதற்குக் காப்புரிமை பெற்றனர். தங்கம் கப்பலேறியது. எஞ்சிய சாம்பல்நிற நுண்தூள் ஊரைச் சூழ மேடுமேடாய் உயர்ந்தது. ஏறத்தாழ மூன்று கோடியே முப்பது இலட்சம் தொன் என மதிப்பிடப்படும் அம்மேடுகளைக் கோலார்த் தமிழர் 'சயனைட் மலை' என்பர். காற்றடிக்கும் காலத்தில் அத்தூள் வீட்டுக்குள்ளும் சோற்றுப் பானைக்குள்ளும் வந்து விழும்.

கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் இச்சொல்லை ஆக்கவில்லை. 'மலை' என்று பருமனையும், 'சயனைட்' என்று காரணத்தையும் சேர்த்தே அது கூறுகின்றது. 'பிங்' சொல்லாததையும் 'கிறாசியே' திரித்துச் சொல்வதையும் இச்சொற்றொடர் நேராகச் சொல்லிவிடுகின்றது. 1956இல் நாட்டுடைமையான அச்சுரங்கம் 2001 பெப்ரவரியில் மூடப்பட்டது. வேலையிழந்தோர் பலர் மேடுகளைச் சூழ்ந்த அதே குடியிருப்புகளில் தங்கி, விடியுமுன் புகையிரதமேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பலாயினர். 2024இல் அம்மேடுகள் பதின்மூன்றையும் எஞ்சிய தங்கத்துக்காக ஏலத்தில் விடும் திட்டத்துக்குக் கர்நாடக அரசு இசைவளித்தது. ஆவணங்களில் அவற்றுக்குப் பெயர் 'சயனைட் மலை' அல்ல. சுரங்கப் பொறியியலின் ஆங்கிலக் கலைச்சொல்லே அங்கு உளது. ஈயச் சுரங்கத்தின் பழைய பிங்கைப்போல, கழிவு மீண்டும் தாதுவாகின்றது. இம்முறை பேரம் பேசுவோர் வரிசையில் தொழிலாளர் குழு இல்லை.

மாணவியின் 'மலை' என்னும் சொல்லுக்கு இப்போது திரும்பலாம். மலையகத் தோட்டங்களில் 'மலை' என்பது புவியியற் பெயரன்று. கொழுந்தெடுக்கும் பணியிடமே மலை. 'இன்னைக்கு எந்த மலை?' என்பது காட்சியைப் பற்றிய வினா அன்று. வேலையைப் பற்றிய வினா. சுற்றுலாக் கையேடுகள் பசுங்கம்பளம் என்று வருணிக்கும் அதே சரிவை, அங்கு நிற்பவர் வேலைத்தலத்தின் பெயராலேயே அறிவர். காடழித்து, கல்லடுக்கி, கான்வெட்டி ஆக்கப்பட்ட நிலம் அது. ஆக, தொழிலால் ஆன மேட்டை 'மலை' என்று கோலாரிலும், தொழில் நிகழும் சரிவை 'மலை' என்று மலையகத்திலும் தமிழ்த் தொழிலாளர் வழங்கியுள்ளனர். இவ்விரு வழக்குகளும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தன என்று கூற ஆதாரமில்லை. ஒத்த உழைப்பு நிலைமையில் ஒரே சொல் ஒத்த திசையில் விரிந்தது என்று மட்டும் கூறலாம்.

எனவே மொழிபெயர்ப்பில் என் முடிவு பின்வருமாறு. ஸ்கொத்தியப் படைப்பில் 'பிங்' வருமிடத்து அதனை அவ்வாறே தமிழ் எழுத்தில் இட்டு, முதன்முறை ஒரு வாக்கியத்தால் விளக்குதல் நன்று. வட்டாரத்தை விட்டு வெளியேறாத சொல்லென்பதே அதன் வரலாறாகையால், அதனைப் பொதுச்சொல்லாற் பெயர்ப்பது அவ்வரலாற்றை அழிப்பதாகும். பொதுவாகக் கழிபொருள் மேட்டைக் குறிக்கவேண்டுமிடத்து 'குவியல்' வேண்டா; அது களத்துமேட்டுக்கும் குப்பைத்தொட்டிக்கும் பொதுவானது. பெயரடையோடு கூடிய 'மலை' பொருந்தும்: கரிக்கழிவு மலை, மாக்கல் மலை என்றவாறு. அடையில்லாத 'மலை' வாசகரை மயக்கும் என்பதால் அன்று நான் மதிப்பெண் குறைத்தது ஓரளவு சரியே. முழுவதையும் வெட்டியது சரியன்று. அம்மாணவி பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். வகுப்புக் குறிப்பேட்டில் அச்சொல்லுக்கு நேரே இப்போது இரண்டு பெயர்ப்புகள் எழுதியுள்ளேன். இரண்டாவதில் பாதி அவருடையது.